கூரைக்குக் கீழே காயும் மூளை



‘கோடையும் உடல்நலமும்’ என்று வாசகர் வட்டத்தார் எனக்குப் பேசத் தலைப்புக் கொடுத்தார்கள். நான் அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டேன். வெயிலில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீர்க்கடுப்பு வரும், மயக்கம் வரும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாக முடியும். தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்ததும் அதனால்தான். சரி, வெயிலில் நிற்காதவருக்கு? நிழலில், கூரைக்குக் கீழே, பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்கு என்ன ஆகும்? அவர் மயங்கி விழமாட்டார். 108-க்கு யாரும் போன் போடமாட்டார்கள். பத்திரிகையில் செய்தி வராது. அவர் போட்ட கணக்கு மட்டும் தப்பாக வரும். இன்றைய என் பேச்சு அந்தத் தப்பான கணக்கைப் பற்றியது.

அந்தக் கணக்கு தப்பினால் நாம் என்ன சொல்கிறோம்? ‘மந்தம்’ என்கிறோம். ‘கவனமே இல்லை’ என்கிறோம். ‘மதியம் ஆனால் போதும், தூங்கி வழிகிறான்’ என்கிறோம். பல வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த மூன்றையும் வாய் கூசாமல் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒருமுறைகூட நிமிர்ந்து கூரையைப் பார்த்ததில்லை. அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கட்டடம்.

கதையை இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்குகிறேன். அப்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வெப்பமண்டலக் கடல்களில் சுற்றிக்கொண்டிருந்தன. இரும்புக் கப்பலின் உள்ளறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மோர்ஸ் குறியீட்டில் வரும் செய்தியைக் கேட்டுக் கேட்டு எழுதுவது ஒயர்லெஸ் ஆபரேட்டரின் வேலை. ஓர் எழுத்து மாறினால் கட்டளையே மாறிப்போகும். இவர்களுக்கு வெக்கை என்ன செய்கிறது? இதைக் கண்டுபிடிக்க நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் கேம்பிரிட்ஜில் ஓர் அறையைச் சூடாக்கி, ஈரப்பதத்தையும் ஏற்றி, 11 ஆபரேட்டர்களை உட்காரவைத்தார். எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள். வெக்கைக்கு உடம்பைப் பழக்கிய பிறகுதான் சோதனையே நடந்தது. முடிவு 1946-இல் வெளியானது.

எண்களைச் சொல்கிறேன், கேளுங்கள். சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து எடைபோடும் ஓர் அளவுகோல் அப்போது வழக்கில் இருந்தது. அந்த அளவில் 26 டிகிரி இருந்தபோது ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 12 பிழை. 33 டிகிரி ஆனபோது 17 பிழை. பரவாயில்லையே, சமாளிக்கிறார்களே என்று தோன்றுகிறதா? அடுத்த படி 36 டிகிரி. அங்கே பிழை 95! படிப்படியாக ஏறிய எண் இல்லை இது. ஓர் இடம் வரை தாக்குப்பிடித்துவிட்டு, அதன் பிறகு மொத்தமாகச் சரிந்த எண்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் மேக்வொர்த் பார்த்தார். அந்தப் பதினொருவரில் அசகாயத் திறமைசாலிகளும் இருந்தார்கள், ஏதோ தேறியவர்களும் இருந்தார்கள். சூடு ஏற ஏற, திறமைசாலிகளின் பிழை அவ்வளவாகக் கூடவில்லை. சுமாரானவர்கள்தான் தடுமாறினார்கள். கை பழகிப்போன வேலையை மூளை அதிகம் செலவழிக்காமல் செய்துவிடுகிறது. பழகாத வேலைக்கு மூளையின் முழுக் கவனமும் வேண்டும். வெக்கை கைவைப்பது அந்தக் கவனத்தின் மேல்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், பழகாத வேலையை நாள் முழுக்கச் செய்கிற ஓர் இடம் நம் ஊரில் இருக்கிறது. அதற்குப் பெயர் பள்ளிக்கூடம்.

மூளைக்குள் என்னதான் நடக்கிறது? நம் உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. எடுத்த சக்தியெல்லாம் கடைசியில் சூடாகத்தானே மாற வேண்டும்? அந்தச் சூட்டை ரத்தம் வாரிக்கொண்டு போய்த் தோலில் கொட்டுகிறது. தோல் அதை வெளிக்காற்றுக்குக் கொடுக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆள் ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். 40 பிள்ளைகள் அடைந்திருக்கும் வகுப்பறையில், பிள்ளைகளிடமிருந்து மட்டும் சுமார் 3,000 வாட் சூடு கிளம்புகிறது. கூரை தருவதை இன்னும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தோலின் சூடு 34, 35 டிகிரி. அறைக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கவலை இல்லை. காற்றும் 35, 36 என்று ஏறிவிட்டால்? பிறகு உடம்புக்கு இருப்பது ஒரே வழி, வியர்வை. வியர்வை வழிவதால் உடம்பு குளிராது. வியர்வை காய்ந்தால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட துணி காய்கிறதா? காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் துணியின் ஈரம் எங்கே போகும்? உங்கள் தோலின் மேல் இருக்கும் வியர்வைக்கும் அதே கதிதான்.

பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வெப்பமானிகளை அருகருகே வைத்துப் பார்த்திருப்பீர்கள். ஒன்று உலர்குமிழ், மற்றொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ். டிவியில் சொல்வது உலர்குமிழ் காட்டும் எண். உங்கள் உடம்பு வாசிப்பது ஈரக்குமிழ் காட்டும் எண்ணை. வேலூரில் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் 24 டிகிரி காட்டும். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 30 டிகிரி காட்டும். வேலூர்க்காரரைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்கிறார் சென்னைவாசி. அந்த நேரத்தில் உண்மையில் பாவப்பட்டவர் யார்? ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால் நல்ல ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரம்தான் தாங்குவார் என்று 2010-இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறையில் வைத்தே சோதித்தபோது, 31-ஐ ஒட்டியே அவர்கள் உடம்பு சூட்டைத் தணிக்க முடியாமல் திணறத் தொடங்கியது. இது உயிர் தாங்கும் எல்லை. யோசனை தாங்கும் எல்லை இதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது.

எப்படி வருகிறது? சூட்டைத் தணிக்க உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. இதயம் வேகமாக அடித்து அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கிறது. உள்சூடு இன்னும் ஏறினால் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. எப்போது ரத்தம் அதிகம் தேவையோ, அப்போது பார்த்து வரத்துக் குறைகிறது! டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போடில் நீல்சன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆட்களை 40 டிகிரியைத் தாண்டிய அறையில் சைக்கிள் மிதிக்கவைத்து, தலையில் கம்பிகளைப் பொருத்தி மூளையின் மின்அலைகளைப் பதிவு செய்தார்கள். குளிர்ந்த அறையிலும் அதையே செய்தார்கள். உடம்பு சூடேற ஏற, நெற்றிப் பக்கத்து அலைகளில் விழிப்பைக் காட்டும் வேக அலைகள் தணிந்து, மெதுவான அலைகளின் கை ஓங்கியது. தூக்கம் வரும்போது ஏற்படும் மாற்றத்தின் சாயல் அதில் இருந்தது. ‘தூங்கி வழிகிறான்’ என்றேனே, அந்தத் தூக்கம் இதுதானோ?

எல்லா வேலையும் ஒரே மாதிரி கெடுவதில்லை. விளக்கு எரிந்தால் பொத்தானை அமுக்கு என்கிற மாதிரி எளிய வேலை ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. ஒன்றை நினைவில் நிறுத்திக்கொண்டே இன்னொன்றைச் செய்கிற வேலைதான் முதலில் அடிவாங்குகிறது. பெருக்கலில் மீதியை மனதில் வைத்துக்கொள்வது, நீண்ட வாக்கியத்தின் தலையை மறக்காமல் வாலுக்குப் போவது, மூன்று காய்ச்சல்காரர்களின் மருந்துச் சீட்டைக் குழப்பாமல் எழுதுவது, எல்லாமே இந்த வகை. நாடியா கவுவா என்ற ஆய்வாளர் 2011-இல் செய்த சோதனையில், 50 டிகிரி அறையில் இருந்தவர்களுக்கு அடிப்படைக் கவனம் அப்படியே இருந்தது, நினைவாற்றல் மட்டும் சறுக்கியது. தலையில் குளிர்பைகளை வைத்ததும் நினைவாற்றலில் ஒரு பகுதி மீண்டது, இன்னொரு பகுதி மீளவில்லை. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்ட நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

‘ஐயா, 50 டிகிரி அறையில் யார் உட்காரப் போகிறார்கள்?’ என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் பாஸ்டன் நகரத்தில் இருக்கிறது.

2016 கோடையில் பாஸ்டனில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 44 கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமான இளைஞர்கள். 24 பேர் ஏசி உள்ள விடுதியில் இருந்தார்கள், 20 பேர் ஏசி இல்லாத பழைய விடுதியில் இருந்தார்கள். 12 நாள், காலையில் கண்விழித்ததும் செல்போனில் சின்னச் சின்னச் சோதனை. ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை நிறத்தில் எழுதியிருக்கும், நிறத்தைச் சொல்ல வேண்டும். பிறகு கூட்டல், கழித்தல். இடையில் ஒரு வெப்ப அலை வந்து போனது. ஏசி இல்லாத விடுதிக்காரர்கள் நிறச் சோதனையில் 13 சதவீதம் மெதுவானார்கள், கணக்கிலும் 13 சதவீதம் பின்தங்கினார்கள். அந்த விடுதி அறைகளின் சராசரிச் சூடு எவ்வளவு தெரியுமா? 26 டிகிரி சொச்சம்! நம் ஊரில் 26 டிகிரி என்றால் போர்வை தேடுவோம்.

அதற்காக 26 டிகிரியில் நம் மூளையும் நின்றுவிடும் என்று சொல்லிவிடாதீர்கள். உடம்பு தான் வாழும் ஊருக்குப் பழகிக்கொள்ளும். சென்னைக்காரருக்குச் சுகமாக இருக்கும் சூடு பாஸ்டன்காரருக்கு இம்சை. எண் ஊருக்கு ஊர் மாறும், விளைவின் திசை மாறாது. அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு ஒன்று. இரண்டு விடுதிகளுக்கும் இடையே வித்தியாசம் எப்போது அதிகமாக இருந்தது? வெயில் உச்சத்தில் இருந்தபோது இல்லை. வெளியே வெயில் தணிந்த பிறகு! தெரு குளிர்ந்துவிட்டது, சுவரும் கூரையும் மட்டும் வாங்கி வைத்த சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருந்தன. நம் கான்கிரீட் மொட்டை மாடி வீடுகளில் இது தினசரி நடப்பு. ராத்திரி பத்து மணிக்கு மாடிக்குப் போனால் காற்று சிலுசிலுவென்று இருக்கும், தரையில் கால் வைத்தால் கதகதவென்று இருக்கும். அந்தத் தரைக்கு நேர் கீழேதான் பிள்ளை படுத்திருக்கிறது. தூக்கம் பிடிக்க வேண்டுமென்றால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். புழுக்கம் அதை இறங்கவிடாது. ஆழ்ந்த தூக்கம் குறையும், கனவுத் தூக்கம் குறையும், நடுநடுவே விழிப்புத் தட்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு வெளியே இதமாக இருந்தாலும், அந்தப் பிள்ளை நேற்றைய கூரையைத் தலையில் சுமந்துகொண்டுதான் வகுப்புக்கு வருகிறது.

அடுத்து நியூயார்க். அங்கே பள்ளி இறுதியில் ரீஜென்ட்ஸ் என்ற பொதுத்தேர்வு ஜூன் மாதத்தில் நடக்கும். ஏசி இல்லாத பழைய பள்ளிக்கூடங்கள் நிறைய இருந்தன. ஜிசங் பார்க் என்ற பொருளியலாளர் சுமார் 10 லட்சம் மாணவர்கள் எழுதிய 45 லட்சம் தேர்வுத் தாள்களை, அன்றன்றைய வெயிலோடு பொருத்திப் பார்த்தார். 22 டிகிரி நாளில் எழுதினால் தேறக்கூடிய வாய்ப்பு, 32 டிகிரி நாளில் எழுதினால் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே பிள்ளை, அதே படிப்பு, அன்றைய வானிலை மட்டும் வேறு.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் காலத்தில் விடைத்தாள்களை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே திருத்தினார்கள். தேர்ச்சிக் கோட்டுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவாக நின்றவர்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அது உலகம் முழுக்க நடப்பதுதான், இங்கே இருக்கும் ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. விஷயம் என்னவென்றால், வெயில் கொளுத்திய நாளில் எழுதிய பிள்ளைகளுக்கு அந்தக் கை கொஞ்சம் தாராளமாகவே நீண்டிருக்கிறது. புள்ளிவிவரம் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தேர்வு நாள் ஒன்று, வருடம் முழுக்கப் படிக்கும் நாட்கள் வேறொன்று. ஜிசங் பார்க்கும் அவருடைய மூன்று சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஒரு கோடி மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்து, தேர்வுக்கு முந்தைய வருடம் எவ்வளவு சூடாக இருந்தது என்று பார்த்தார்கள். பள்ளி நாட்களின் சூடு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடினால், அந்த வருடப் படிப்பில் சுமார் ஒரு சதவீதம் போயிற்று. விடுமுறை நாட்களின் சூட்டுக்கு அந்த விளைவு இல்லை. பள்ளியில் ஏசி இருந்த இடங்களில் இழப்பு ஏறக்குறைய முழுசாக மறைந்தது. இழப்பு அதிகம் யாருக்கு? கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கு. ஏனென்றால் வீட்டிலும் பள்ளியிலும் ஏசி இல்லாதவர்கள் அவர்களில்தான் அதிகம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இன்னொரு ஆய்வும் சுற்றும். வெயில் நாளில் அமெரிக்கக் குடியேற்ற நீதிபதிகள் கடுமையாகத் தீர்ப்பளிக்கிறார்கள் என்று 2019-இல் வந்த ஆய்வு. கேட்கவே சுவையாக இருக்கும். பின்னால் ஹோல்கர் ஸ்பாமன் என்ற சட்டப் பேராசிரியர் அதைத் தோண்டிப் பார்த்து, தரவுகளில் இருந்த பிழைகளைத் திருத்தினார். திருத்தியதும் அந்த விளைவு நிற்கவில்லை. சுவையாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். நான் சொல்லும் மற்றவையும் சோதிக்கப்பட வேண்டியவைதான்.

பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போவோம். பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷின் வரிசை வரிசையாக இருக்கும், பெரும்பாலும் பெண்கள். மின்சாரச் செலவைக் குறைக்க நிர்வாகம் டியூப்லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளைப் போட்டது. கரண்டு பில் குறைந்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. எல்இடி அவ்வளவு சூட்டைக் கக்குவதில்லை. அதனால் தைக்கிறவர் தலைக்கு மேல் இருந்த சூடு சற்றுத் தணிந்தது. வெயில் உக்கிரமாக இருந்த நாட்களில் உற்பத்தி கூடியது! அத்வர்யு, கலா, நிஷாதம் என்ற மூன்று பொருளியலாளர்கள் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்களை யாரும் கூடுதலாக விரட்டவில்லை, கூலியையும் கூட்டவில்லை. விளக்கைத்தான் மாற்றினார்கள். வெயில் நாளில் ‘புரொடக்‌ஷன் வரலை’ என்று அதுவரை யாரை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றிய இன்னொரு பெரிய ஆய்வு, வருடச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆலையின் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்கிறது.

இந்த ஆய்வாளர்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தொழிற்சாலை நம் வீட்டிலேயே இருக்கிறது. சமையலறை. ஃபேன் போட்டால் அடுப்புத் தீ அலையும், அதனால் ஃபேன் போடமுடியாது. ஒரு பக்கம் சாம்பார் கொதிக்கும் ஆவி, ஒரு பக்கம் குக்கர். ஈரக்குமிழ் வெப்பமானியை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது என்ன காட்டும்? ‘உப்புப் போட்டேனா இல்லையா’ என்று அம்மா கேட்கும்போது ஞாபக மறதி என்று கேலி செய்கிறோம். மேக்வொர்த்தின் ஆபரேட்டர்களுக்குக் காதில் ஹெட்போன் இருந்தது, அம்மாவுக்கு இடுப்பில் குழந்தை இருக்கிறது. மற்றபடி அறை ஒன்றுதான்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஏசி போட்டுவிடலாமா? சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ அப்படித்தான் நினைத்தார். பதவிக்கு வந்ததும் அரசு அலுவலகங்களில் ஏசி போட்டதைத் தன் முதல் வேலைகளில் ஒன்றாகச் சொன்னவர் அவர். வெப்பமண்டலத்தில் நிர்வாகம் நடக்க அதுதான் வழி என்று உறுதியாக நம்பினார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் ஏசியின் பிறப்பைப் பாருங்கள். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த வடிவமைத்ததுதான் இன்றைய ஏசியின் மூதாதை. சிவகாசியில் காலண்டர் அடிப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். ஆக, முதல் ஏசி காகிதத்துக்காகப் போடப்பட்டது. அங்கே வேலைசெய்த மனிதருக்கு ஓசியில் கிடைத்தது. நூற்றிருபது வருடம் கழித்து இன்றும் ஏடிஎம் எந்திரத்துக்கு ஏசி உண்டு, வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கிடையாது.

ஏசி போட்டவர்களும் அளவாகப் போடுவதில்லை. 18-இல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார்கள். 2020 முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதியே வந்தது. எந்தச் சூடு சரி என்பதும் எல்லோருக்கும் ஒன்றில்லை. பெர்லினில் 500-க்கும் மேற்பட்ட மாணவர்களை 16 முதல் 33 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் உட்காரவைத்துக் கணக்குக் கொடுத்தார்கள். அறை வெதுவெதுப்பாக ஆக ஆகப் பெண்கள் நன்றாகப் போட்டார்கள். ஆண்களுக்கு விளைவு நேர்எதிர், ஆனால் அவ்வளவு பலமாக இல்லை. அலுவலகத்தில் ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஜன்னலையெல்லாம் சாத்திய ஏசி வகுப்பில் நாற்பது பேர் மூச்சுவிட்டால் காற்று கெட்டுப்போகும். சூட்டுக்குப் பயந்து காற்றைப் பறிகொடுக்கக் கூடாது.

ஏசிக்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய, அவை மலிவானவையும்கூட. மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்போ, இப்போது விற்கும் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்ட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. கறுத்துப்போன தளம் வெயிலை விழுங்கும், வெள்ளைத் தளம் திருப்பி அனுப்பும். ஷீட் கூரையாக இருந்தால் கீழே ஒரு தட்டுத் தளம், இரண்டுக்கும் நடுவே காற்றோட்டம். மேற்குச் சுவருக்கு நிழல். ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை: புழுக்கமான கடற்கரை ஊரில் அது பெரிய உதவி, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விரட்டும். 42 டிகிரி வறண்ட வெக்கையில் அது சூட்டைத்தான் வாரி அடிக்கும். அங்கே கை, முகம், கழுத்தை நனைத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். தண்ணீர் ஊற்றிவைக்கும் ஏர் கூலர் வேலூரில் அருமையாக வேலை செய்யும், சென்னையில் பணத்துக்குப் பிடித்த கேடு, புழுக்கத்தைத்தான் கூட்டும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள். பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கவிடுங்கள். உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்கும். பாட்டிலைத் தேர்வறைக்கு வெளியே வைத்துவிட்டு வரச்சொல்லும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

தேர்வறை என்றதும் இன்று நான் இங்கே வந்த காரியத்துக்கு வந்துவிட்டேன். நான் மேற்பார்வை பார்த்த அறைகளில் ஒரு காட்சி எப்போதும் உண்டு. எழுதும் கையின் மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு எழுதுவார்கள். வியர்வை பட்டு மை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக. கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையும் நனைந்துவிடும், அதைத் திருப்பிப் போடுவார்கள், எழுதிய வரியை விட்டுவிட்டு எங்கே நிறுத்தினோம் என்று தேடுவார்கள். அந்தத் தேடலில் தொலைவதுதான் மதிப்பெண்.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் மே 5. 2025-இல் மே 4. கத்திரி வெயில் தொடங்கும் நாளிலோ, அதற்கு மறுநாளிலோ. நேரம்? பிற்பகல் 2 மணி! அதற்கு முன்னால் வெயிலில் வரிசை, சோதனை. ஒரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கான இடம் ஏறி இறங்குகிற தேர்வு இது. ஒரு பிள்ளைக்கு மையம் ஏசி உள்ள கல்லூரி, இன்னொரு பிள்ளைக்கு ஃபேன்கூடச் சரியாகச் சுற்றாத மாடியறை. இருவரும் ஒரே தேர்வைத்தான் எழுதினார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சீனாவில் கல்லூரி நுழைவுத் தேர்வு பல காலம் ஜூலை மாதம் நடந்தது. வெயிலையும் வெள்ளத்தையும் காரணமாகச் சொல்லி 2003 முதல் அதை ஜூன் மாதத்துக்கு மாற்றினார்கள். இன்று ஒரு கோடிக்கும் அதிகமானோர் எழுதும் தேர்வின் தேதியையே அவர்கள் மாற்றினார்கள். நாம் கடிகார முள்ளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தக் கூடாதா? இங்கே 2023-இல் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பையே இரண்டு தடவை தள்ளிவைத்தோமே!

வெறும் பேச்சாகப் போய்விட வேண்டாம் என்று ஒரு மனுவின் வரைவை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றே கோரிக்கைகள். மே மாதத்தில் நடக்கும் நுழைவுத் தேர்வுகள் எல்லாம் காலை 8 மணிக்குத் தொடங்க வேண்டும். தேர்வு மையத்தை ஒதுக்கும் முன் ஒவ்வோர் அறையிலும் உலர்குமிழ், ஈரக்குமிழ் இரண்டையும் அளந்து பதிவு செய்ய வேண்டும். ஷீட் கூரை போட்ட எந்தக் கட்டடமும் மையமாக இருக்கக் கூடாது. வரைவை வாசகர் வட்டத்தின் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்களுக்கு வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். கோரிக்கைகளில் எதையாவது கூட்டவோ குறைக்கவோ நினைக்கும் ஆசிரியர்கள் அதே தாளின் ஓரத்தில் எழுதலாம், நிறைய இடம் விட்டிருக்கிறேன்.